அகமதாபாத் தறிக்கூடமும் உழைப்பூக்கக் கோட்பாடும்: 1953 முதல் 1970 வரை

இந்திய மேலாண்மைக் கல்விக்கூடங்களில் ஊழியர் ஊக்கம் என்னும் பாடம் ஏறத்தாழ ஒரே வரிசையில்தான் நடத்தப்படுகிறது. 1911இல் டெய்லரின் அறிவியல் மேலாண்மை, 1924 முதல் 1932 வரை சிகாகோவுக்கு அருகிலிருந்த ஹாத்தோர்ன் ஆலையில் நடந்த ஆய்வுகள், 1943இல் மாஸ்லோவின் தேவைப் படிநிலை, 1959இல் ஹெர்ஸ்பெர்க்கின் இரு காரணிக் கோட்பாடு, 1960இல் மெக்கிரெகரின் எக்ஸ், ஒய் கோட்பாடுகள். எல்லாம் அமெரிக்க மண்ணில் பிறந்தவை. இந்தியத் தொழிலாளி இந்த வரிசையின் இறுதியில் அக்கோட்பாடுகள் 'பொருந்துமா' என்று சோதிக்கப்படும் ஒரு பொருளாக மட்டுமே வந்து நிற்கிறார்.

இந்த வரிசையில் விடுபட்டுப்போன ஓர் அத்தியாயம் உண்டு. 1953ஆம் ஆண்டு அகமதாபாத்தின் காலிகோ ஆலையில், ஒரு தானியங்கித் தறிக்கூடத்தில் நடந்த மாற்றம் அது. பின்னாளில் நார்வேயின் தொழில் ஜனநாயகத் திட்டத்திலும், 1974இல் சுவீடனின் கால்மரில் வோல்வோ நிறுவனம் திறந்த கார் ஆலையிலும் செயல்வடிவம் பெற்ற 'சமூக-தொழில்நுட்ப அமைப்பு' என்னும் சிந்தனைக்கு அடித்தளமிட்ட தொடக்கச் சோதனைகளுள் அதுவும் ஒன்று. ஆனால் நம் பாடநூல்களில் அது பெரும்பாலும் ஓர் அடிக்குறிப்புக்கு மேல் இடம்பெறுவதில்லை. அந்தச் சோதனையின் வரலாற்றை முழுமையாகப் பார்த்தால், ஊக்கம் எங்கே இருக்கிறது என்ற கேள்விக்கே வேறொரு விடை கிடைக்கிறது.

அதற்கு முன்பே இந்தியாவில் ஒரு 'ஊக்கக் கோட்பாடு' வழக்கில் இருந்தது. யாரும் அதை அப்பெயரிட்டு அழைக்கவில்லை. இந்தியத் தொழிலாளிக்கு ஆலை வேலையில் மனம் ஒட்டுவதில்லை, அவர் பாதி உழவர், அறுவடைக்கும் திருமணத்துக்கும் ஊருக்குப் போய்விடுவார், கூலி உயர்ந்தால் கூடுதலாக உழைப்பதற்கு மாறாகக் கூடுதலாக விடுப்பு எடுப்பார் என்பது ஆலை முதலாளிகளும் காலனிய அதிகாரிகளும் பல பதிற்றாண்டுகள் திரும்பத் திரும்பச் சொல்லிவந்த கருத்து. குறைந்த கூலி, அபராதம், ஆளெடுப்பையும் கண்காணிப்பையும் தன் கையில் வைத்திருந்த ஜாபரின் அதிகாரம் ஆகிய மூன்றையும் இந்தக் கருத்து ஒருசேர நியாயப்படுத்தியது. 1929இல் நியமிக்கப்பட்டு 1931இல் அறிக்கை அளித்த தொழிலாளர் தொடர்பான அரச ஆணையம், நகரம் தொழிலாளியை ஈர்க்கவில்லை, கிராமத்தின் வறுமையே அவரை வெளியே தள்ளுகிறது என்று கண்டது. நோயிலும் வேலையின்மையிலும் முதுமையிலும் அவருக்கு இருந்த ஒரே காப்பு கிராமம்தான் என்பதால், அந்தத் தொடர்பை அறுத்துவிடக் கூடாது என்றும் அது கருதியது. 1965இல் மோரிஸ் டேவிட் மோரிஸ் பம்பாய்ப் பருத்தியாலைகளின் வரலாற்றை ஆராய்ந்து, தொழிலாளர் பற்றாக்குறை, மனம் ஒட்டாமை ஆகிய வாதங்களை ஆவணங்கள் தாங்கவில்லை என்று காட்டினார். குறை தொழிலாளியின் இயல்பில் இருந்ததா, வேலை அமைக்கப்பட்ட முறையில் இருந்ததா என்பதே அந்த விவாதத்தின் உள்ளீடு.

அகமதாபாத் இந்த விவாதத்துக்குள் தனக்கே உரிய ஒரு வரலாற்றோடு நுழைகிறது. 1861இல் முதல் ஆலை இயங்கத் தொடங்கிய அந்நகரில், 1917இல் பிளேக் பரவியபோது தொழிலாளர்கள் ஊரைவிட்டு ஓடாமல் இருக்க ஆலை முதலாளிகள் 'பிளேக் போனஸ்' அளித்தனர். சில இடங்களில் அது கூலியில் 70, 80 விழுக்காடு வரை எட்டியது. பணத்தால் ஆளை நிறுத்திவைக்க முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. ஆனால் நோய் தணிந்ததும் 1918இன் தொடக்கத்தில் அந்தப் போனஸ் விலக்கப்பட்டபோது, பணத்தைப் பற்றிய இன்னொரு உண்மை வெளிப்பட்டது. போர்க்கால விலையேற்றத்தில் வாழ்ந்துகொண்டிருந்த நெசவாளர்களுக்கு அந்தத் தொகை அதற்குள் வாழ்வின் பகுதியாகிவிட்டிருந்தது. முதலாளிகள் 20 விழுக்காடு உயர்வு தர முன்வந்தனர். தொழிலாளர்கள் காந்தியின் ஆலோசனையோடு 35 விழுக்காடு கேட்டனர். பிப்ரவரி 22 அன்று கதவடைப்புத் தொடங்கியது. மார்ச் 15 அன்று காந்தி உண்ணாநோன்பைத் தொடங்கினார். மார்ச் 18 அன்று உடன்பாடு ஏற்பட்டு, சிக்கல் நடுவர் தீர்ப்புக்கு விடப்பட்டது. பின்னர் நடுவர் ஆனந்தசங்கர் துருவா 35 விழுக்காட்டையே வழங்கினார்.

முதலாளிகளின் பக்கம் முன்னின்றவர் காலிகோ ஆலையின் அம்பாலால் சாராபாய். தொழிலாளர் பக்கம் நின்றவர் அவருடைய உடன்பிறந்தவரான அனசூயா சாராபாய். 1920இல் மஜூர் மகாஜன் என்னும் தொழிலாளர் சங்கம் உருவானது. கூலியும் வேலைப்பளுவும் பற்றிய பிணக்குகளை நடுவர் முன் வைத்துத் தீர்ப்பது அந்நகரின் மரபாயிற்று. இந்த மரபில் குறைகள் உண்டு. முதலாளியை அறங்காவலராகக் கருதும் அதன் கருத்தியலைப் பொதுவுடைமையர் கடுமையாக விமர்சித்தனர். எனினும் ஒரு விளைவு மறுக்க முடியாதது: கூலியைப் பற்றிப் பேச ஓர் இடமும் ஒரு முறையும் அங்கே இருந்தன. முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்து ஒரு தறிக்கூடத்தின் வேலைமுறையை மாற்றிப் பார்க்கும் முயற்சி அந்த நகரில் நிகழ்ந்ததற்கு இந்தப் பின்னணி சிறிய காரணம் அன்று.

விடுதலைக்குப் பிறகு அதே சாராபாய்க் குடும்பம் அறிவியலின் துணையை நாடியது. 1947இல் விக்ரம் சாராபாயின் முன்முயற்சியில் அகமதாபாத் நெசவுத் தொழில் ஆராய்ச்சிக் கழகமான 'அட்டிரா' நிறுவப்பட்டது. இழையையும் சாயத்தையும் ஆராய்வதற்காக அமைந்த அந்நிறுவனத்தில் மனித உறவுகளை ஆராய ஒரு பிரிவும் உருவாயிற்று. அதை வழிநடத்திய உளவியலாளர் கமலா சௌத்ரி, பின்னர் 1961இல் தொடங்கிய அகமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகத்தின் தொடக்ககால ஆசிரியர்களுள் ஒருவரானார். இதே காலத்தில் காலிகோ ஆலையின் தலைவராக இருந்த கௌதம் சாராபாய், லண்டனின் டாவிஸ்டாக் மனித உறவுகள் நிறுவனத்தோடு தொடர்பு கொண்டார். அங்கிருந்து ஆலோசகராக வந்தவர் ஏ.கே. ரைஸ்.

டாவிஸ்டாக் ஆய்வாளர்கள் அப்போதுதான் பிரிட்டனின் நிலக்கரிச் சுரங்கங்களில் ஒரு புதிரைக் கண்டிருந்தனர். எரிக் டிரிஸ்டும், முன்னாள் சுரங்கத் தொழிலாளியான கென் பாம்ஃபோர்த்தும் 1951இல் வெளியிட்ட கட்டுரை, இயந்திரங்கள் வந்த பிறகும் சுரங்கங்களில் எதிர்பார்த்த உற்பத்தி ஏன் உயரவில்லை என்று கேட்டது. முன்பு ஒரு சிறு குழு நிலக்கரியை வெட்டுவது முதல் வெளியேற்றுவது வரை முழு வேலையையும் செய்தது. புதிய முறை அந்த வேலையைத் துண்டு துண்டாக்கி, ஒவ்வொரு துண்டையும் ஒவ்வொரு பணிமுறை ஆட்களிடம் தந்தது. குழு உடைந்தது, குழுவோடு ஒருவரையொருவர் தாங்கும் பொறுப்பும் உடைந்தது. இயந்திர அமைப்பையும் மனித உறவுகளையும் தனித்தனியே வடிவமைக்க முடியாது என்ற முடிவுக்கு அவர்கள் வந்தனர்.

ரைஸ் அகமதாபாத்தில் கண்டதும் இதே புதிரின் இன்னொரு வடிவம். காலிகோ ஆலையில் 1952இல் தானியங்கித் தறிகள் இயக்கத்துக்கு வந்திருந்தன. இயந்திரம் புதிது, ஆனால் உற்பத்தி உயரவில்லை. துணியில் பழுது குறையவில்லை. 224 தறிகள் கொண்ட அந்தக் கூடத்தில் 29 பேர், 12 வகை வேலைகளாகப் பிரிக்கப்பட்டிருந்தனர். அறுந்த இழையை முடிந்து தறியை மீண்டும் ஓடவிடுபவர் நெசவாளர். ஊடைத் தார்களை நிரப்புபவர் ஒருவர். பல இழைகள் ஒருசேர அறுந்தால் சரிசெய்பவர் இன்னொருவர். தீர்ந்த பாவுக்கு மாற்றாகப் புதிய பாவை ஏற்றுபவர், எண்ணெய் இடுபவர், துணியைச் சுமந்து செல்பவர், கூட்டிப் பெருக்குபவர் என்று வரிசை நீண்டது. நெசவாளர் 24 அல்லது 32 தறிகளைக் கவனித்தார். மற்றவர்கள் ஒவ்வொருவரும் கவனித்த தறிகளின் எண்ணிக்கை வேறு வேறு.

இந்த எண்கள் ஒன்றோடொன்று பொருந்தாமல் இருந்ததில்தான் சிக்கலின் முடிச்சு இருந்தது. ஒரு நெசவாளரின் தறிகளுக்குத் தார் நிரப்புபவர் வேறு பல நெசவாளர்களின் தறிகளுக்கும் நிரப்ப வேண்டும். பாவு ஏற்றுபவர் இன்னும் பலரின் தறிகளுக்குப் பொறுப்பு. ஒரு தறி நின்றால், யார் யாரிடம் உதவி கேட்பது, எந்தத் தறியை முதலில் பார்ப்பது என்பதை எவரும் தாமாக முடிவு செய்ய முடியாது. எல்லாக் கோரிக்கையும் மேற்பார்வையாளரிடமே சென்றது. 29 பேரில் எவருக்கும், 'இது நம் பகுதி, இதன் நன்மை தீமை நம்முடையது' என்று சொல்லக்கூடிய ஒரு பகுதி இல்லை. அவரவர் தம் வேலையைக் குறையின்றிச் செய்தாலும் துணி பழுதாகலாம். அப்படிப்பட்ட இடத்தில் ஊக்கக் கூலி எதை ஊக்குவிக்கும் என்பது நியாயமான ஐயம்.

1953 மார்ச்சில் ரைஸ், ஒரு பகுதித் தறிகளுக்கு ஒரு குழுவே முழுப் பொறுப்பேற்கலாம் என்ற எண்ணத்தை மேற்பார்வையாளர்களோடு பேசினார். அடுத்து நடந்ததே இந்த வரலாற்றின் மிக முக்கியமான நிகழ்வு. ஆலோசகரோ நிர்வாகமோ விரிவான திட்டம் தீட்டுவதற்கு முன்பே, மேற்பார்வையாளர்களும் தொழிலாளர்களும் அந்த எண்ணத்தைத் தமதாக்கிக்கொண்டனர். யார் யாரோடு சேர்வது என்பதைத் தாங்களே பேசி முடிவு செய்து, மிகக் குறுகிய காலத்தில் குழுக்களை அமைத்துக் காட்டினர். 60க்கும் மேற்பட்ட தறிகளுக்கு ஏழு பேர் கொண்ட குழு என்ற அமைப்பு உருவானது. வேலை வகைகளும் கூலிப் படிகளும் சுருக்கப்பட்டன. ஒருவர் வேலையை இன்னொருவர் செய்யலாம், கற்கலாம் என்ற நிலை வந்தது.

தொடக்க வாரங்கள் சீராக இருக்கவில்லை. வேகம் கூடியபோது பழுதும் ஏறியது, பராமரிப்பு பின்தங்கியது. குழுக்கள் தங்கள் வேலைமுறையைத் திருத்திக்கொண்ட பிறகு நிலைமை நிலைபெற்றது. மாற்றத்துக்கு முன் ஏறத்தாழ 80 விழுக்காடாக இருந்த செயல்திறன் 95 விழுக்காடு வரை உயர்ந்தது. பழுதான துணியின் அளவு ஏறத்தாழ 32 விழுக்காட்டிலிருந்து 20 விழுக்காடாகக் குறைந்தது. தானியங்கி அல்லாத தறிகளிலும் இதே முறை பின்னர் முயலப்பட்டது. ரைஸ் இவற்றை 1958இல் நூலாக வெளியிட்டார்.

இதிலிருந்து அவர் வடித்த கருத்துகள் எளியவை. வேலை ஒரு முழுமையுடையதாக, முடித்தோம் என்ற நிறைவைத் தருவதாக இருக்க வேண்டும். அதைச் செய்பவர்கள் தம் செயல்களைத் தாமே ஒழுங்குபடுத்திக்கொள்ள இயல வேண்டும். ஒன்றோடொன்று தொடர்புடைய வேலைகளைச் செய்பவர்கள் ஒரு குழுவாக, நிறைவான உறவோடு இயங்க வேண்டும். மாஸ்லோ மனிதனுக்குள் இருக்கும் தேவைகளைப் படிகளாக அடுக்கினார். அகமதாபாத்தின் தறிக்கூடமோ வேறொன்றைக் காட்டியது: அதே 29 பேர், அதே தறிகள், அதே நகரம், மாறியது அவர்களுக்கிடையிலான வேலை உறவு. மார்ச்சுக்கு முன்பு 'ஆர்வமற்றவர்' என்று கணிக்கப்பட்டிருக்கக்கூடிய ஒருவர், மார்ச்சுக்குப் பின்பு ஆர்வமுள்ளவராகத் தோன்றினார் என்றால், ஆர்வத்தை அவருடைய உள்ளத்தில் மட்டும் தேடுவது எப்படிச் சரியாகும்?

எந்த வரலாற்றுச் சான்றையும் போல இதையும் ஐயமின்றி ஏற்க முடியாது. 1969இல் எஸ்.கே. ராய், ரைஸின் ஆய்வுமுறையை மறுபரிசீலனை செய்து ஒரு கட்டுரை எழுதினார். குழுமுறையோடு கூலியும் மாறியது. அப்படியானால் உற்பத்தி உயர்வில் எவ்வளவு குழுவால், எவ்வளவு பணத்தால் என்று எப்படிப் பிரிப்பது? ஹாத்தோர்ன் ஆய்வுகளை நோக்கி எழுப்பப்பட்ட கேள்வியும் இதுவே. இதற்கு முழுமையான விடை இல்லை. ஆனால் 1918இன் நினைவோடு இதைப் பார்க்கையில் ஒன்று புலப்படும்: கூலியும் மரியாதையும் தனித்தனிப் பெட்டிகளில் இருப்பதாகக் கருதுவது ஆய்வாளரின் வசதிக்காக மட்டுமே. பிளேக் போனஸைப் பறித்தபோது நெசவாளர்கள் இழந்தது ரூபாயை மட்டும் அன்று. தங்கள் உழைப்பின் மதிப்பு பிறர் விருப்பத்துக்கு ஏற்ப ஏறி இறங்கும் என்ற செய்தியையும் அவர்கள் அன்று பெற்றனர்.

இன்னொரு கேள்வி சாதியைப் பற்றியது. அகமதாபாத் ஆலைகளில் நூற்புப் பிரிவில் தலித் தொழிலாளர்கள் மிகுந்திருந்தனர். நெசவுப் பிரிவு பட்டீதார் போன்ற சாதி இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் உரியதாக இருந்தது. நாடாவின் துளை வழியே ஊடை நூலை வாயால் உறிஞ்சி இழுக்க வேண்டியிருந்ததால், தலித்துகள் தொட்ட நாடாவைப் பிறர் வாயில் வைக்க மறுத்தனர் என்பது அந்தப் பிரிவினைக்குச் சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று. தறிக்கூடத்துக்குள் யார் வரலாம் என்பதைச் சமூகம் முன்பே முடிவு செய்துவிட்ட இடத்தில்தான், 'யாரோடு சேர்வது என்பதைத் தொழிலாளரே தேர்ந்தனர்' என்ற நிகழ்வு நடந்தது. தன்னாட்சியுள்ள சிறு குழு இந்தியச் சூழலில் யாரை உள்ளே சேர்க்கும், யாரை வெளியே நிறுத்தும் என்ற கேள்வியைக் கேட்காமல், அதை அப்படியே ஒரு விடுதலைக் கதையாக்கிவிட முடியாது.

அகமதாபாத்துக்கு நேர் எதிரான ஒரு சோதனையும் அடுத்த பதிற்றாண்டில் இந்தியாவிலேயே நடந்தது. ஹார்வர்டு உளவியலாளர் டேவிட் மெக்லெலண்ட், சாதிக்கும் வேட்கை என்பது பயிற்றுவிக்கத்தக்க ஒரு மனப்பண்பு என்று கருதினார். 1964இல் ஆந்திரத்தின் காக்கிநாடாவிலிருந்து 50க்கும் மேற்பட்ட வணிகர்களும் சிறு தொழில் நடத்துவோரும் ஹைதராபாத்தின் சிறுதொழில் பயிற்சி நிறுவனத்துக்கு அழைத்துவரப்பட்டு, பத்து நாள் பயிற்சி பெற்றனர். பயிற்சி பெற்றவர்கள் பின்னர் தொழிலில் கூடுதல் முனைப்புக் காட்டினர் என்று 1969இல் அவரும் டேவிட் வின்டரும் எழுதினர். அவர்கள் பயிற்றுவித்தது தொழில் நடத்துவோரை. ரைஸ் கண்டது கூலித் தொழிலாளரை. இந்த வேறுபாட்டை மறக்காமலே ஒப்பிட்டால், இரு சோதனைகளும் ஊக்கத்துக்கு இரு வேறு இருப்பிடங்களைக் காட்டுகின்றன. காக்கிநாடாவில் அது தனிமனிதனின் கற்பனையில் இருந்தது. அகமதாபாத்தில் மனிதர்களுக்கு இடையே இருந்தது. இரண்டுக்கும் நடுவே ஒரு பாலம் அமைக்க முயன்றவர் உதய் பரீக். பிறருக்காகவும் பொது நோக்கத்துக்காகவும் தன்னை விரித்துக்கொள்ளும் 'விரிவூக்கம்' என்ற கருத்தை அவர் முன்வைத்தார். சாதிக்கும் வேட்கை மட்டும் ஒரு சமூகத்தை முன்னேற்றாது. பிறர்மீதான அக்கறையும் சேர வேண்டும். சார்ந்திருக்கும் மனப்பான்மை குறைய வேண்டும் என்றார். இந்தியாவிலிருந்து எழுந்த ஊக்கக் கோட்பாடுகளுள் இது குறிப்பிடத்தக்கது. இதுவும் பாட வரிசையில் அரிதாகவே இடம்பெறுகிறது.

மீண்டும் காலிகோ ஆலை. 1970இல் டாவிஸ்டாக்கின் எரிக் மில்லர் அங்கே சென்று, ரைஸ் உருவாக்கிய குழுக்கள் என்ன ஆயின என்று ஆராய்ந்தார். 1975இல் வெளியான அவருடைய கட்டுரை இந்த வரலாற்றின் மிக நேர்மையான பகுதி. ஓரிடத்தில் குழுமுறையும் செயல்திறனும் பதினாறு ஆண்டுகளுக்கும் மேலாக ஏறத்தாழ மாறாமல் நின்றிருந்தன. பிற இடங்களில் வெவ்வேறு அளவில் பழைய முறை திரும்பியிருந்தது. தொழிலாளரின் மனம் மாறியதால் இந்த வேறுபாடு வந்தது என்று அவர் சொல்லவில்லை. குழுவைச் சுற்றியிருந்த எல்லையை நிர்வாகம் காக்கத் தவறிய இடத்தில் குழு தளர்ந்தது. துணி வகைகள் மாறி, மூலப்பொருளும் சந்தையும் நெருக்கி, மேலிருந்து அடிக்கடி தலையீடு வந்தபோது, தன்னைத் தானே ஒழுங்குபடுத்திக்கொள்ளும் ஆற்றலைக் குழு இழந்தது. ஊக்கம் ஒருமுறை ஏற்றிவைத்தால் எரிந்துகொண்டே இருக்கும் விளக்கு அன்று. யாரேனும் எண்ணெய் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும், காற்றையும் மறைக்க வேண்டும்.

1980களிலிருந்து காற்று புயலாயிற்று. விசைத்தறிகளின் போட்டி, புதுப்பிக்கப்படாத இயந்திரங்கள், வேறு தொழில்களுக்கு நகர்ந்த முதலீடு ஆகியவற்றால் அகமதாபாத்தின் ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. காலிகோவும் 1990களில் மூடியது. அந்நகரில் ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் நிலையான வேலையை இழந்து, தெரு வணிகத்துக்கும் தினக்கூலிக்கும் தள்ளப்பட்டதை ஜான் பிரெமன் விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். 95 விழுக்காடு செயல்திறனை எட்டிக் காட்டிய தறிக்கூடம், தன் தொழிலாளரைக் காக்கப் போதுமானதாக இருக்கவில்லை. முதலீட்டை எங்கே இடுவது என்று முடிவு செய்யும் அறைக்குள் அந்த ஏழு பேர் குழுவின் தன்னாட்சி ஒருபோதும் எட்டியதில்லை. ரைஸின் கோட்பாடு கேட்காத கேள்வியும் அதுவே.

ஊழியரின் 'ஈடுபாடு' இன்று வினாத்தாள்களால் அளக்கப்படுகிறது. மதிப்பெண் குறைந்தால் ஊழியருக்குப் பயிற்சி முகாம் நடக்கிறது. செயலி வழி வேலை செய்பவருக்கு நட்சத்திரக் குறியும் ஊக்கத்தொகையும் காட்டப்படுகின்றன. 1931க்கு முன்பிருந்த பழைய நம்பிக்கை, அதாவது குறை உழைப்பவரிடமே இருக்கிறது என்பது, புதிய சொற்களில் திரும்பியிருக்கிறது. அதை எதிர்கொள்ள மாணவர்களுக்கு வெளிநாட்டுச் சான்று தேடித் தர வேண்டியதில்லை. அகமதாபாத்தின் 29 தொழிலாளர்கள் மூன்று கேள்விகளை விட்டுச் சென்றிருக்கிறார்கள். இந்த வேலை முழுமையானதா? இதைச் செய்பவருக்கு இதை ஒழுங்குபடுத்தும் உரிமை உண்டா? அந்த உரிமையை நாளையும் யார் காப்பார்கள்? உழைப்பவரின் மனத்தை ஆராயத் தொடங்குமுன் இந்த மூன்றுக்கும் விடை தேடப்பட வேண்டும்.